ஊருக்குள் வாங்க, விற்க, ஆள் பிடிக்க: ஜெராக்ஸ் கடையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செக்கானூரணியிலிருந்து திருமங்கலம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. கடையின் பக்கச் சுவரில் வயரிங் ஆள், தேங்காய் வெட்டுகிறவர், மோட்டார் தூக்கும் வண்டி, பந்தல்காரர் என்று நம்பர் நம்பராக எழுதி வைத்திருக்கிறேன். அதனாலேயே நில விவரச் சிட்டா எடுக்க வருகிறவர்கள் கையோடு ஒரு கேள்வியும் கொண்டு வருகிறார்கள்.

நான் புரோக்கர் இல்லை, யாரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை காய்கிறது, அதனால் எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

"அக்கா, நாங்க திருப்பூர்ல இருந்து இப்பத்தான் ஊருக்கு வந்திருக்கோம். எதுக்கு யார்ட்ட போறதுன்னே தெரியல. எங்க கேக்கணும்?"

காலை ஆறு மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் நில்லுங்கள். கேன் கொண்டு வருகிறவர்களிடம் மாடு, தீவனம், வைக்கோல், ஆள் எல்லாவற்றுக்கும் விவரம் இருக்கும். ஏழு மணிக்கு மேல் டீக்கடை. அங்கே நிற்கிற ஆட்களில் பாதிப்பேர் அன்றைக்கு வேலை தேடி நிற்கிறவர்கள்தான். ஒன்பது மணிக்குப் போய்க் கேட்டால் வேலைக்குப் போகாத ஆள்தான் மிச்சம் இருப்பார்.

வயரிங், பிளம்பிங்குக்கு ஹார்டுவேர் கடையில் கேட்பது வழக்கம். கேளுங்கள், ஆனால் கடைக்காரர் சொல்லும் ஆள் அந்தக் கடையிலேயே சாமான் வாங்கச் சொல்வார் என்பதையும் மனதில் வையுங்கள். அதைவிட, போன வருஷம் வீட்டு வேலை முடித்தவரிடம் "யாரை வைத்துச் செய்தீர்கள், இன்னொரு தடவை அவரையே கூப்பிடுவீர்களா" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் யோசித்தால் அந்த யோசனையே பதில்.

"கூலி எவ்வளவுன்னு மொதல்லயே கேட்டா மூஞ்சியத் தூக்குவாங்களா?"

தூக்க மாட்டார்கள். "பாத்துக் குடுங்க" என்று அவர் சொல்லி, "பாத்துத் தர்றேன்" என்று நீங்கள் சொல்லி ஆரம்பிக்கிற வேலைதான் சாயங்காலம் மூஞ்சித் தூக்கலில் முடியும்.

ஆனால் எவ்வளவு என்பதற்கு முன்னால் எதற்கு என்று கேட்க வேண்டும். நாள் கூலியா, மொத்தமாகப் பேசிய வேலையா? சாமான் யார் வாங்குவது? டீ, வடை, மத்தியானச் சாப்பாடு யார் கணக்கு? கொத்தனார் சம்பளம் சொல்லும்போது கூட வரும் கையாட்களான நிமிந்தாளும் சித்தாளும் அதில் சேர்த்தியா, தனியா? ஆயிரம் என்று ஒருவரும் எண்ணூறு என்று ஒருவரும் சொன்னால், எண்ணூறு மலிவு என்று ஓடாதீர்கள். எண்ணூறுக்காரர் ஒன்பதரைக்கு வந்து நாலு மணிக்குக் கை கழுவுகிறவராக இருக்கலாம். கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்கு இதுதான் அடிப்படை, இதை மறுபடி மறுபடிச் சொல்லப் போவதில்லை.

"மூட்டைன்னா எத்தன கிலோ? கூறுன்னா எவ்வளவு? ஆளுக்கு ஒன்னு சொல்றாங்க."

ஆளுக்கொன்று சொல்வதால்தான் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ. தனியார் வியாபாரி மூட்டை என்று சொன்னால் அது 60 கிலோவைத் தாண்டும், ஊருக்கு ஊர் மாறும். "மூட்டை எவ்வளவுக்கு எடுக்கிறீங்க" என்று கேட்காமல் "கிலோ எவ்வளவு" என்று கேட்டால் இந்தக் குழப்பமே வராது. எம் சாண்டும் ஜல்லியும் யூனிட் கணக்கு, ஒரு யூனிட் 100 கன அடி. இடம் என்றால் சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர். பெரியவர்கள் குறுக்கம் என்று சொன்னால் ஏக்கரைத்தான் சொல்கிறார்கள்.

கூறுக்கு அளவே கிடையாது. சாயங்காலம் சந்தை கலையும் நேரத்தில் கூறு பெரிதாகும், அவ்வளவுதான். எலக்ட்ரானிக் தராசு வைத்திருப்பவர் வருஷத்துக்கு ஒரு தடவை தொழிலாளர் துறையில் முத்திரை போட்டிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தராசோடு மல்லுக்கட்ட வேண்டாம். மளிகைக் கடையில் பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரை பாக்கெட் வாங்கி வைத்துப் பாருங்கள். என் மாமியார் இதைச் சத்தமில்லாமல் செய்வார். பாக்கெட்டை வைத்துவிட்டு தராசைப் பார்க்காமல் வியாபாரியின் முகத்தைப் பார்ப்பார்.

"நாலு பாத்தி கத்தரியும் வெண்டையும் போட்டிருக்கேன். உழவர் சந்தைக்குப் போகவா, மண்டிக்குப் போகவா?"

நாலு பாத்திக்கு உழவர் சந்தைதான். தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தார்கள். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூரிலும் இருக்கிறது. கமிஷன் கிடையாது, தராசு அவர்களே தருவார்கள், அன்றைய விலையைக் காலையிலேயே போர்டில் எழுதிவிடுவார்கள். மண்டி விலையைவிடக் கூட, கடை விலையைவிடக் குறைவு என்கிற மாதிரி அந்த விலை அமையும்.

விவசாயி அடையாள அட்டை வேண்டும். சிட்டா, ஆதார், போட்டோவோடு சந்தை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், நிலத்தில் நிஜமாகவே காய் இருக்கிறதா என்று வந்து பார்த்துவிட்டுத் தருவார்கள். ஆனால் நீங்களே உட்கார்ந்து விற்க வேண்டும். விடிகாலையில் போய் உட்கார்ந்து, கூட்டம் வடிகிறவரை எழுந்திருக்க முடியாது. வீட்டில் அதற்கு ஆள் இல்லை என்றால் மண்டிதான் கதி. பாத்தி தோட்டமாகிக் காய் சாக்குக் கணக்கில் வரும்போதும் மாட்டுத்தாவணி மண்டியோ பரவை மண்டியோதான் சரி.

"டிவில மல்லி கிலோ 2,000ன்னு சொல்றான். எங்க கைக்கு அதுல பாதிதானக்கா வருது. மிச்சம் எங்க போகுது?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதுவும் தை மாதத்துக்கு முன்னால். டிவியில் சொல்வது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் அன்று காலை போன உச்ச விலை. முகூர்த்த நாளுக்கு முந்தின விடிகாலையில், முதலில் வந்த நல்ல மொட்டுக்கு அந்த விலை. ஒன்பது மணி பஸ்ஸில் போய் இறங்கும் பூவுக்கு அது கிடையாது. மொட்டு விரிய ஆரம்பித்தால் சரசரவென்று இறங்கும்.

போன கார்த்திகையில் பக்கத்துத் தெரு அத்தை ஒருவர் பூக்கடைச் சீட்டைக் கொண்டு வந்து "இதை வாசிச்சுச் சொல்லு" என்றார். 3 கிலோ 400 கிராம், விலை 1,500. மொத்தம் 5,100. கமிஷன் நூற்றுக்குப் பத்து, அதில் 510 போயிற்று. அட்வான்ஸ் பிடித்தம் 1,000. கைக்கு 3,590. பறிப்புக் கூலியும் பஸ் சார்ஜும் சீட்டில் வராது, அது அவர் முந்தானையில் இருந்து போனது. "அட்வான்ஸ்னா என்ன அத்தை" என்றேன். "மக காதுகுத்துக்குக் கடைக்காரர்ட்ட வாங்குனது" என்றார். முடிச்சு அங்கேதான். அட்வான்ஸ் வாங்கியவர் வேறு கடைக்குப் பூவைக் கொண்டு போக முடியாது, விலை பேசவும் முடியாது. கடைக்காரர் கெட்டவர் என்று சொல்லவில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காசு கொடுக்கிறவரும் அவர்தான். ஆனால் அந்தக் காசுக்கு வட்டி என்று தனியாக எழுதாமல் விலையில் எடுக்கிறார். இரண்டு கடையில் ஒரே நாள் பூவைப் பிரித்துப் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் வட்டி எவ்வளவு என்று தெரியும்.

மார்கழிப் பனியில் பூ வராது, விலை வானத்தில் இருக்கும். பங்குனி, சித்திரையில் செடி கொட்டும், விலை தரையில் கிடக்கும். டிவி பனிக்காலத்தில்தான் வரும்.

"நெல்ல களத்துலயே வியாபாரிக்குக் குடுக்கவா, சென்டர்ல போடவா?"

சென்டரில், அதாவது அரசு கொள்முதல் நிலையத்தில், விலை கூட, காசு நேராக வங்கிக் கணக்கில் ஏறும். ஆனால் சிட்டா, பயிர் விவரம் இருக்கும் அடங்கல், ஆதார், பாஸ்புக் வேண்டும், ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், முறை வரும்வரை நெல்லைக் காவல் காக்க வேண்டும். காத்திருக்கும்போது மழை வந்தால் தார்ப்பாய் உங்களுடையது. குத்தகைக்கு உழுகிறவர்கள் அடங்கலை அறுப்புக்கு முன்பே வி.ஏ.ஓ.விடம் வாங்கி வையுங்கள். மெஷின் வயலில் இறங்கிய பிறகு ஓடி வந்து "அக்கா, அவசரம்" என்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மூட்டைக்கு இவ்வளவு என்று யாராவது தனியாகக் கை நீட்டினால் அது கேட்கக்கூடாத காசு.

வியாபாரி ஈரத்தோடு எடுப்பார், அன்றைக்கே காசு தருவார், பதிலுக்கு எடையில் கழிவு பிடிப்பார். விலை பேசும்போதே கழிவையும் பேசுங்கள். பள்ளிக்கூடப் பீஸ் கட்டுகிற மாதத்தில் வியாபாரிக்குப் போடுகிறவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

"திருமங்கலம் ஆட்டுச் சந்தைக்குப் போறேன். ரெண்டு ஆடு வாங்கணும். ஏமாத்திருவாங்களா?"

வெள்ளிக்கிழமை சந்தை. விடியும் முன் போய்ச் சேருங்கள், வெயில் ஏறும்போது நல்ல ஆடு இருக்காது. தீபாவளி, பக்ரீத், ஆடி மாதக் கிடா வெட்டு இவற்றுக்கு முந்தின வாரங்களில் வளர்ப்புக்கு வாங்கப் போகாதீர்கள். அப்போது நீங்கள் கறிக்கடைக்காரரோடு போட்டி போடுகிறீர்கள்.

வாயைத் திறந்து பல் பாருங்கள். கீழ்த்தாடையில் முன்பல் எட்டு. எல்லாம் சின்னச் சின்னப் பால் பல்லாக இருந்தால் வயது ஒன்றுக்குள். நடுவில் இரண்டு மட்டும் அகலமாக முளைத்திருந்தால் ஒன்று, ஒன்றரை. நாலு பல் என்றால் இரண்டு வயதை ஒட்டி. எட்டும் சேர்ந்துவிட்டால் கடை சேர்ந்த ஆடு, நாலு வயதுப் பக்கம். வளர்ப்புக்கு இரண்டு பல், நாலு பல் ஆடு போதும். வயிறு பானை மாதிரி உப்பி, முதுகெலும்பு தட்டுப்பட்டால் சந்தைக்கு வரும் வழியில் தண்ணீர் காட்டி நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். மூக்கு ஒழுகுகிறதா, வால் பக்கம் கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, இரண்டு மடிக்காம்பும் சரியா என்று பாருங்கள். பத்து அடி நடக்க விடுங்கள்.

தரகர் வருவார். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்து மிரள வேண்டாம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காகத்தான் அது. தெரியாதவர்கள் வாயாலேயே பேசுங்கள். தரகு யார் தருவது என்பதை மட்டும் கை குலுக்கும் முன்னால் கேட்டுவிடுங்கள், சில நேரம் இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்வார். ஒரு தடவை என் வீட்டுக்காரர் "சினை ஆடு" என்று சொன்னதை நம்பி விலை கூடக் கொடுத்து ஓட்டி வந்தார். ஐந்து மாதம் காத்திருந்தோம். இன்னமும் காத்திருந்திருப்போம், கால்நடை மருந்தகத்தில் டாக்டர் தொட்டுப் பார்த்துச் சிரிக்காமல் இருந்திருந்தால்.

வாங்கி வந்த ஆட்டை மூன்று வாரம் பழைய ஆடுகளோடு சேர்க்காதீர்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டுவிடுங்கள். தூக்கிப் போக முடியாத நிலை என்றால் 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

"வாங்குன ஆட்ட மேய்க்க ஆளில்ல. வாரத்துக்கு விட்டா என்ன கணக்கு?"

தாய் ஆடு உங்களுடையது, மேய்ச்சல் அவருடையது, குட்டி சரிபாதி. எல்லாரும் இதுவரைதான் பேசுகிறார்கள். ஒற்றைக் குட்டி போட்டால்? கிடாக்குட்டி விற்ற காசிலா பாதி, உயிராகவா? தாய் ஆடு நாய் கடித்துச் செத்தால் யார் நஷ்டம்? மருந்துச் செலவு? இந்த நாலையும் பேசி, சாட்சிக்கு இருவருக்கும் வேண்டிய ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொள்ளலாம், நானே டைப் அடித்துத் தருகிறேன், ஆனால் மேய்க்கிறவர் பேப்பரைப் பார்த்தால் "என்னைய நம்பலயா" என்பார். சாட்சி போதும். ஆட்டின் காதில் வெட்டுக்குறி போட்டு ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். செத்துப்போன ஆடு எப்போதும் உங்கள் ஆடாகவே இருப்பது இந்தத் தொழிலின் அதிசயம்.

"வயலுக்குக் கிடை போடணும். யாரப் புடிக்கிறது?"

ராத்திரியில் ஆட்டு மந்தையை வயலில் அடைத்து எரு சேர்ப்பதுதான் கிடை. பங்குனிக்கு மேல் வயல் சும்மா கிடக்கும்போது, ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து செம்மறி மந்தைகள் வரும். ரோட்டோரம் மந்தையைப் பார்த்தால் அதை ஓட்டி வரும் கீதாரியிடம் நேரடியாகப் பேசுங்கள். ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று கணக்கு, ஆட்டின் எண்ணிக்கையைப் பொறுத்து. பக்கத்து வயல்காரர்களும் சேர்ந்து பேசினால் மந்தை நாலு நாள் ஊரில் தங்கும், விலையும் படியும். குடிக்கத் தண்ணீர் எங்கே என்று அவர்கள் முதலில் கேட்பார்கள். கிணற்றைக் காட்டத் தயாராக இருங்கள்.

"அறுப்பு மெஷின்காரர் ஒன்றரை மணி நேரம்ங்கிறார். எனக்கு ஒரு மணி நேரம்தான் ஓடுன மாதிரி இருக்கு."

வண்டியில் மணி காட்டும் மீட்டர் இருக்கும். வயலில் இறங்கும்போது ஒரு போட்டோ, ஏறும்போது ஒரு போட்டோ, சண்டை முடிந்தது. வரப்பில் திரும்புகிற நேரம் ஓட்டத்தில் சேரும். டீ குடித்த நேரமும், நெல்லைக் கொட்ட உங்கள் டிராக்டர் வராமல் நின்ற நேரமும் யார் கணக்கு என்று முன்பே பேசுங்கள். டிராக்டர் வராதது உங்கள் தவறுதான், அதற்குக் காசு கொடுங்கள்.

ஈரம் இருந்தால் பெல்ட் வண்டி கேளுங்கள், வாடகை கூட. காய்ந்த வயலுக்கு டயர் வண்டி போதும். சாய்ந்த பயிர் நேரத்தை இழுக்கும். வேளாண் பொறியியல் துறையில் அரசு வாடகைக்கும் மெஷின் உண்டு, உழவன் செயலியில் பதியலாம். ஆனால் எல்லாரும் ஒரே வாரத்தில் அறுப்பதால் நம் முறை வரும்வரை நெல் நிற்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

"மோட்டார் காயில் போயிருச்சுங்கிறார். நெசமாவே போயிருச்சான்னு எப்படித் தெரியும்?"

இதில் நான் பட்டவள். எங்கள் கிணற்று மோட்டார் ஏழரை எச்.பி. ஒரு நாள் உர்ரென்று உறுமிவிட்டு நின்றது. ஒரு மெக்கானிக் வந்தார், மூடியைக்கூடக் கழற்றாமல் "காயில் போச்சு" என்று தூக்கிக்கொண்டு போய், காப்பர் காயில், அதாவது உள்ளே சுற்றும் கம்பி, புதிதாகக் கட்டியதாகச் சொல்லிக் காசு வாங்கினார். நாலு மாதத்தில் மறுபடி புகை. வேறொரு பட்டறையில் பிரித்தபோது உள்ளே இருந்தது அலுமினியம். பட்டறைக்காரர் ஒரு துண்டைக் கத்தியால் சுரண்டிக் காட்டினார், மேல் பூச்சு சிவப்பு, உள்ளே வெள்ளை. சண்டைக்குப் போகலாம் என்றால் பில்லே கிடையாது.

அதனால் வரிசை இதுதான். முதலில் கரண்ட் மூன்று பேஸும் வருகிறதா, ஃபியூஸ் ஒன்று போயிருக்கிறதா பாருங்கள். ஒரு பேஸ் இல்லாவிட்டால் மோட்டார் உறுமும், ஓடாது. உடனே அணைத்தால் காயில் பிழைக்கும். வீட்டு மோட்டார் என்றால் கெப்பாசிட்டர் போயிருக்கலாம், அது சில்லறைச் செலவு. காயில்தான் என்றால் உங்கள் கண் முன்னே பிரிக்கச் சொல்லுங்கள், கருகல் வாடையே சொல்லிவிடும். பழைய காப்பரை எடை போட்டு அந்த விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். புதுக் காப்பர் எத்தனை கிலோ என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். ஆழ்குழாய் மோட்டார் என்றால் மேலே தூக்குகிற வண்டிக்குத் தனிக் கூலி, மறுபடி இறக்கவும் கூலி. இரண்டும் சேர்த்தா என்று கேட்பது மேலே கூலிக் கேள்வியில் சொன்னதுதான்.

"போர் போடணும். தேங்காய வச்சுப் பாக்குறவரு இந்த எடம்ங்கிறாரு. நம்பலாமா?"

நம்புவது உங்கள் விருப்பம். எங்கள் ஊரில் தேங்காய் நிமிர்ந்த இடத்தில் தண்ணீர் வந்ததும் உண்டு, புழுதி வந்ததும் உண்டு. சுற்றி இருக்கிற நாலு போர் எத்தனை அடியில் தண்ணீர் காட்டின என்று கேட்டு எழுதிக்கொள்வதை நான் அதிகம் நம்புவேன்.

ரிக் வண்டி அடிக் கணக்கு. குறிப்பிட்ட ஆழத்துக்கு மேல் போகப் போக அடியின் விலையும் ஏறும், அந்த ஏற்றத்தை முதலிலேயே எழுதி வாங்குங்கள். மண் சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப் தனிக் கணக்கு. ஏஜென்ட் மூலம் வந்தால் அவர் பங்கு அடி விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். எத்தனை அடியில் நிறுத்துவது என்பதை ராத்திரியில், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முடிவு செய்யாதீர்கள். அந்த நேரத்தில் எல்லாருக்கும் "இன்னும் ஐம்பது அடி" என்றுதான் தோன்றும். ஊராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். தண்ணீர் வராத குழியை அடியிலிருந்து மேல்வரை மூடியே ஆக வேண்டும், 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாக்கை வைத்துக் கல்லைத் தூக்கிப் போடுவது மூடியதாகாது. 2019-ல் மணப்பாறைப் பக்கம் ஆழ்துளைக் குழியில் குழந்தை விழுந்ததை ஊரே நாலு நாள் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தது.

"கம்மா வண்டல் மண்ணு ஃப்ரீதானே? டிப்பர்காரர் காசு கேக்குறாரே?"

விவசாயத்துக்குக் கண்மாய் மண் இலவசம். தாசில்தாரிடம் அனுமதி வாங்க வேண்டும், ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 வரை. 75 கன மீட்டர் என்றால் நம் யூனிட் கணக்கில் 26-ஐ ஒட்டி. டிப்பர்காரர் கேட்பது அள்ளுகிற, ஓட்டுகிற கூலி. அது நியாயம். மண்ணுக்கும் சேர்த்துக் கேட்டால் நியாயமில்லை. நடைக்கு எவ்வளவு, வண்டி எத்தனை யூனிட் பிடிக்கும், இரண்டையும் கேளுங்கள்.

"காதுகுத்துக்கு மொய் எழுத கம்ப்யூட்டர் ஆள் வேணும். நீங்களே வருவீங்களா?"

வர மாட்டேன், ஒரு தடவை போய் இடுப்பு விட்டுப்போயிற்று. செய்கிற பையன்கள் நம்பர் சுவரில் இருக்கிறது. நாளுக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். எத்தனை கம்ப்யூட்டர், பணம் எண்ணும் மெஷின் உண்டா, ரசீது உடனே வருமா, கடைசியில் ஊர்வாரியாகப் பிரித்து நோட்டுப் போட்டுத் தருவார்களா என்று கேளுங்கள். அந்த ஊர்வாரி நோட்டு இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்துத் திருப்பிச் செய்யும்போது திண்டாடுவீர்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் கேளுங்கள். பக்கத்தில் உங்கள் சித்தப்பா ஒருவர் பழைய நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டே இருக்கட்டும்.

"பைக்க மச்சினன் பையனுக்கே வித்துட்டேன். சொந்தத்துக்குள்ள ஆர்.சி. மாத்தணுமா?"

சொந்தம் என்பதால்தான் கட்டாயம் மாற்ற வேண்டும். அவன் போய் யாரையாவது இடித்தால் நோட்டீஸ் உங்கள் பேருக்கு வரும், அப்போது மச்சினனிடம் கேட்க முடியாது. படிவம் 29, 30 இரண்டும் போட்டு, விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடனில் எடுத்த வண்டி என்றால் கடன் முடிந்ததற்குப் படிவம் 35-ம் பைனான்ஸ் கடிதமும் வேண்டும். இன்சூரன்ஸையும் பேர் மாற்றுங்கள்.

"பசுமாட்ட நெட்ல போட்டோ போட்டேன். ஆர்மில இருக்கேன், அட்வான்ஸ் அனுப்புறேன், பின் நம்பர் போடுங்கன்னு ஒருத்தர் சொல்றார்."

போடாதீர்கள். காசு வாங்க பின் நம்பரே தேவையில்லை, பின் போட்டால் உங்கள் காசுதான் போகும். மாட்டைப் பார்க்காமல், பல்லைப் பார்க்காமல், பால் கறந்து பார்க்காமல் சொன்ன விலைக்கு ஒத்துக்கொள்கிற ஆளை இந்த ஜில்லாவில் யாராவது பார்த்திருக்கிறீர்களா? போய்விட்டது என்றால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், பிறகுதான் என்னிடம் வர வேண்டும். மாட்டுக்கு நல்ல விளம்பரம் முதல் கேள்வியில் சொன்ன பால் சொசைட்டி வாசல்தான்.

"பங்காளி மகன்ட்ட வீட்டு வேலையக் குடுத்தேன். முக்காவாசிக் காச வாங்கிட்டு பாதியில நிப்பாட்டிட்டான். சொல்லவும் முடியல, மெல்லவும் முடியல."

இதற்கு நான் சொல்லும் பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. முக்கால்வாசிக் காசை பாதி வேலைக்குக் கொடுத்தது நீங்கள். அஸ்திவாரம், லிண்டல், காங்கிரீட், பூச்சு என்று வேலையைப் பிரித்து, முடிந்ததற்குக் காசு என்று பேசியிருந்தால் அவனும் உங்களிடம் நல்ல பேரோடு இருந்திருப்பான். இப்போது பஞ்சாயத்து வைத்தால் காசு வரலாம், அடுத்த கல்யாணத்துக்கு அந்த வீட்டுப் பத்திரிகை வராது.

வேலையை மட்டும் பிரித்துக் கேளுங்கள். "நீ முடிக்கிறாயா, இல்லை வேறு ஆளை விடட்டுமா, கொடுத்ததைக் கணக்குப் பார்த்துவிடலாம்" என்று அவன் அப்பா முன்னால் அல்ல, அம்மா முன்னால் கேளுங்கள். எனக்குத் தெரிந்து மூன்று வீட்டில் இப்படி முடிந்திருக்கிறது. நாலாவது வீட்டில் இரண்டு வருஷமாகக் கம்பி துருப்பிடித்து நிற்கிறது, பஸ்ஸிலிருந்து பார்த்தால் தெரியும்.

"எங்க வீட்டுக்காரரு டைல்ஸ் வேல பாக்குறாரு. செவுத்துல நம்பர் எழுதிக்கிறீங்களா? எவ்வளவுக்கா?"

காசு இல்லை. அவர் வேலை பார்த்த இரண்டு வீட்டைச் சொல்லுங்கள், நான் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். போன் எடுக்கவில்லை என்று மூன்று பேர் வந்து சொன்னால் அழித்துவிடுவேன், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வரவில்லை என்று ஒருவர் சொன்னாலே போதும். என் தம்பி நம்பரை அப்படி அழித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சுவரில் வெள்ளையாகத் தெரிகிற இடம் அதுதான், அங்கேயே உங்கள் வீட்டுக்காரர் நம்பரை எழுதிவிடலாம்.